கடைக்கோடிக் கிராமத்திற்கும் தொலைத்தொடர்பு: செலவும் சட்டமும்

சாலை, குடிநீர், மின்சாரம், பள்ளிக்கூடம் ஆகிய நான்கும் ஒரு கிராமத்தின் நல்வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டுள்ளோம். இவற்றோடு ஐந்தாவதாக இன்று தொலைத்தொடர்பும் சேர்ந்துவிட்டது. நியாயவிலைக் கடையில் விரல்ரேகை வைத்து அரிசி வாங்குவதற்கும், பட்டா, சிட்டா நகல் பெறுவதற்கும், வங்கிக் கணக்கில் பணம் வந்ததா என்று அறிவதற்கும், 108 வண்டியை அழைப்பதற்கும் அலைத்தொடர்பு வேண்டியிருக்கிறது. தொடர்பு அற்றுப்போனால் ஊரின் பாதி வேலை நின்றுவிடுகிறது.

ஆயினும், மேட்டின்மேல் ஏறி நின்றால்தான் பேச்சுக் கேட்கும் என்ற நிலையில் இன்னமும் சில ஊர்கள் இருக்கின்றன. "பக்கத்து நகரத்தில் நான்கு கோபுரங்கள் நிற்கின்றனவே, நம் ஊருக்கு மட்டும் ஏன் ஒன்றுகூட வரவில்லை? இதைக் கேட்க ஓர் இடம் உண்டா?" என்று ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் வினவுகின்றனர். இவ்வினா நியாயமானது. இதற்கு விடை காணவேண்டுமாயின், தொலைத்தொடர்பின் வரவு செலவுக் கணக்கையும், அதனை ஒழுங்கு செய்யும் சட்டத்தையும் ஓரளவு அறிந்துகொள்ளல் வேண்டும். அவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வளர்ந்து வந்த வரலாறு

நமது நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882-ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையங்கள் ஏற்பட்டன. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தியையும் பின்னர் தொலைபேசியையும் நடத்தும் முழு உரிமையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. அச்சட்டமே ஏறத்தாழ 140 ஆண்டுகள் இத்துறையை ஆண்டுவந்தது. அக்காலமெல்லாம் தொலைபேசி என்பது நகரத்தாருக்கும் அலுவலகங்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. ஓர் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை மூத்தவர்கள் நன்கறிவர்.

1984-ல் மத்திய அரசாங்கம் 'சி-டாட்' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. நம் நாட்டு வெயிலையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதன வசதியின்றியே இயங்கக்கூடிய சிறிய தொலைபேசி நிலையத்தை அது கிராமங்களுக்கென உருவாக்கிற்று. 128 இணைப்புகளைக் கொண்ட அத்தகைய நிலையம் 1986-ல் கர்நாடக மாநிலம் கிட்டூரில் நிறுவப்பட்டது. அதன் பின்னரே ஊர்தோறும் பொதுத் தொலைபேசியும், கடைத்தெரு தோறும் எஸ்.டி.டி. பூத்தும் தோன்றலாயின.

இருப்பினும், 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வெளியானபோது நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை. 5,76,490 கிராமங்களில் சுமார் 1.4 லட்சம் கிராமங்களுக்கே தொலைபேசி எட்டியிருந்தது. அக்கொள்கை தனியாருக்கும் இத்துறையில் இடமளித்தது. 1995 ஜூலை 31-ஆம் நாள் முதல் கைபேசி உரையாடல் நிகழ்ந்தது. அந்நாளில் வரும் அழைப்புக்கும் பணம், போகும் அழைப்புக்கும் பணம் என்ற முறையே வழக்கிலிருந்தது. 2003-ல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை ஏற்பட்டு, வரும் அழைப்புகள் இலவசமான பின்னரே கைபேசி ஏழை எளியோர் கைக்கும் வந்து சேர்ந்தது. கட்டணத்தைப் பற்றிய ஒரே ஒரு விதி மாறியதால் கோடிக்கணக்கான மக்கள் பயன் பெற்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயினும் ஏற்றத்தாழ்வு நீங்கிவிடவில்லை. 2024 மார்ச் இறுதியில், நகரப்புறங்களில் நூறு பேருக்குச் சுமார் 133 தொலைபேசி இணைப்புகளும், கிராமப்புறங்களில் சுமார் 59 இணைப்புகளும் இருந்தன. இவ்விடைவெளிக்குக் காரணம் யாது?

2. கோபுரத்தின் கணக்கு

காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். தொகைகள் விளக்கத்திற்காக மட்டுமே.

ஒரு கோபுரத்தை நிறுவி நடத்துவதற்கு, நில வாடகை, மின்சாரம், மின்தடை நேரத்து டீசல், பராமரிப்பு, முதலீட்டுக்கான வட்டி ஆகிய எல்லாம் சேர்ந்து மாதம் ரூ.40,000 ஆகிறது என்று கொள்வோம். பிற செலவுகள் போக ஒவ்வொரு சந்தாதாரரிடமிருந்தும் மாதம் ரூ.100 இக்கோபுரத்தின் கணக்கில் வரவாகிறது என்றும் கொள்வோம். 3,000 சந்தாதாரர்கள் உள்ள சிறு நகரத்தில் வரவு ரூ.3,00,000. அங்கே நான்கு நிறுவனங்கள் நான்கு கோபுரங்களை எழுப்பினாலும் எல்லோருக்கும் இலாபமே. 300 சந்தாதாரர்களே உள்ள கிராமத்திலோ வரவு ரூ.30,000. ஒரே நிறுவனம் வந்தாலும் மாதம் ரூ.10,000 நஷ்டம்.

அக்கிராமத்திற்கு மூன்று நிறுவனங்கள் தனித்தனியே வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். செலவு ரூ.1,20,000, வரவு அதே ரூ.30,000, நஷ்டம் ரூ.90,000. மூவரும் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டு தத்தம் கருவிகளை மட்டும் அதில் பொருத்தினால் மொத்தச் செலவு ரூ.55,000 அளவில் நிற்கலாம், அப்போதும் ரூ.25,000 துண்டு விழும்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கோபுரத்தின் செலவு பெரும்பாலும் நிலைச்செலவு. பத்துப்பேர் பேசினாலும் ஆயிரம்பேர் பேசினாலும் அது பெரிதும் மாறுவதில்லை. ஆகவே மக்கள் நெருங்கி வாழும் இடத்தையே நிறுவனங்கள் முதலில் நாடும். இரண்டாவது, சிற்றூர்களில் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளுதல் செலவைப் பெரிதும் குறைக்கும். ஆனால் துண்டு முழுவதையும் அடைக்காது. மூன்றாவது, சிற்றூருக்கு ஒரே நிறுவனந்தான் வரும் என்றால், அந்நிறுவனம் வைத்ததே விலை, கொடுத்ததே சேவை என்றாகிவிடக் கூடும்.

இன்னொரு கருத்தும் இங்கே கவனித்தற்குரியது. ஒரு விவசாயிக்குக் கைபேசித் தொடர்பு கிடைத்தால் அவர் மட்டுமா பயனடைகிறார்? அவரிடம் காய்கறி கொள்முதல் செய்யும் நகர வியாபாரியும், அவருடைய மகன் வேலை பார்க்கும் ஆலையும், அவருக்குக் கடன் வழங்கும் கூட்டுறவுச் சங்கமும் பயனடைகின்றன. பேசுவதற்கு ஆள் பெருகப் பெருகத் தொலைபேசியின் மதிப்பும் பெருகுகிறது. ஆனால் நிறுவனத்தின் கணக்கேட்டில் அந்த ரூ.100 மட்டுமே பதிவாகிறது. பிறர் அடையும் பயன் பதிவாவதில்லை. எனவே, சந்தையின் போக்குக்கு மட்டும் விட்டுவிட்டால் கடைக்கோடிக் கிராமம் கடைசிவரை காத்திருக்கவே நேரும்.

3. நீர்க்கட்டி வேண்டும்

ஏரிப்பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. மதகுக்கு அருகில் உள்ளவர் தமக்கு வேண்டியமட்டும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடைக்கு நீர் எட்டாது. ஆகவேதான் ஊரார் சேர்ந்து நீர்க்கட்டியை நியமித்து, முறைவைத்துப் பாய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தனர். நீர்க்கட்டி எவர் பக்கமும் சாயாதவராக இருத்தல் வேண்டும்.

தொலைத்தொடர்பில் அத்தகைய பணியைச் செய்வதற்காகவே 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பட்டது. இதனை 'டிராய்' என்று சுருக்கி அழைப்பர். நிறுவனங்களுக்கிடையிலும், நிறுவனங்களுக்கும் அரசாங்கத்திற்கும் இடையிலும் எழும் வழக்குகளைத் தீர்க்க 2000-ஆம் ஆண்டில் தனித் தீர்ப்பாயம் ஒன்றும் அமைக்கப்பட்டது. உரிமம் வழங்குதல் மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறையின் பொறுப்பாகும். 1885-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் பல பிரிவுகள் 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

ஒழுங்கு செய்யவேண்டிய விஷயங்களில் முதன்மையானது அலைக்கற்றை. வானில் செல்லும் அலைகள் ஏரி நீரைப் போன்ற பொதுச் சொத்து, அளவுக்குட்பட்டது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே இடத்தில் ஒலிபரப்பினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே இன்னாருக்கு இன்ன அலைவரிசை என்று பங்கிட வேண்டியிருக்கிறது. 2010-ல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் சுமார் ரூ.67,700 கோடி கிடைத்தது. அதற்கு முன்னர் ஏலமின்றி வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்தது. 2022 ஏலத்தில் சுமார் ரூ.1,50,000 கோடிக்கு அலைக்கற்றை விற்பனையாயிற்று.

பொதுச் சொத்துக்கு நல்ல விலை கிடைக்கவேண்டியதுதான். ஆனால் விலை மிகுந்தாலும் தீமை உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் வெகுதூரம் செல்லும். சுவரையும் துளைத்துச் செல்லும். ஒரு கோபுரம் பல ஊர்களுக்குப் பயன்படும் ஆதலால் கிராமங்களுக்கு ஏற்றவை அவையே. உயர்ந்த அலைவரிசைகளோ மிகுந்த தரவைச் சுமந்தாலும் சிறிது தூரத்திலேயே மங்கிவிடும். அவை நெருக்கமான நகரங்களுக்கே பொருந்தும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2016-லும் 2021-லும் ஏலத்துக்கு வந்தபோது, அடிப்படை விலை அதிகம் என்று கருதி எவரும் அதனை வாங்கவில்லை. விலை குறைக்கப்பட்ட பின்னர் 2022-லேதான் அது விற்பனையாயிற்று. விலைபோகாத அலைக்கற்றையால் கஜானாவுக்கும் வரவில்லை, கிராமத்துக்கும் பயனில்லை. குத்தகைத் தொகையை மிகவும் உயர்த்தியதால் ஏலம் போகாமல் கிடக்கும் மீன்பாசிக் குத்தகையைக் கண்ட ஊராட்சிகளுக்கு இது எளிதில் விளங்கும்.

இரண்டாவது விஷயம் இணைப்பு. ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் மற்றொரு நிறுவனத்தின் சந்தாதாரருடன் பேசவேண்டுமானால் இரு வலையங்களும் இணைய வேண்டும். பெரிய நிறுவனம் இணைப்புத் தர மறுத்தால் புதிய நிறுவனம் பிழைக்காது. எனவே இணைப்பைக் கட்டாயமாக்கி, அழைப்பை முடித்து வைப்பதற்கான தொகையையும் ஆணையமே நிர்ணயித்து வந்தது. 2009-ல் நிமிடத்திற்கு 20 காசாக இருந்த அத்தொகை, 2015-ல் 14 காசாகவும், 2017-ல் 6 காசாகவும் குறைந்து, 2021 ஜனவரி முதல் நீங்கிவிட்டது.

மூன்றாவது விஷயம் கட்டணம். கைபேசிக் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. கிராமத் தரைவழித் தொலைபேசி, நாடளாவிய ரோமிங் போன்ற சிலவற்றிற்கே ஆணையம் கட்டணம் வரையறுக்கிறது. மற்றவற்றைப் போட்டிக்கு விட்டுள்ளது. போட்டி கடுமையாக இருந்தபோது கட்டணம் வீழ்ந்தது. நிறுவனங்கள் பல மறைந்தும் இணைந்தும் தனியார் மூவர், பொதுத்துறையில் பி.எஸ்.என்.எல். என்று சுருங்கிய பின்னர், 2024 ஜூலையில் தனியார் மூவரும் சில நாட்களுக்குள் ஒருவர்பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தினர். அதனை அடுத்து பி.எஸ்.என்.எல். புதிய சந்தாதாரர்களைப் பெற்றது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று களத்தில் நிற்பதன் பயனை இது உணர்த்துகிறது.

4. சேவைக் கடமை நிதி

மேற்சொன்ன கணக்கில் விழும் துண்டை யார் அடைப்பது? முற்காலத்தில் தொலைதூர அழைப்புக்கு அதிகக் கட்டணம் வாங்கி, உள்ளூர் இணைப்பின் நஷ்டத்தை அரசாங்கம் சரிக்கட்டி வந்தது. போட்டி வந்த பின்னர் இம்முறை நிலைக்கவில்லை. தொலைதூர அழைப்பைக் குறைந்த விலைக்குத் தர வேறு நிறுவனம் முன்வரும் அல்லவா?

ஆகவே 1999-ஆம் ஆண்டின் புதிய கொள்கை வேறு வழி கண்டது. நிறுவனங்கள் அனைத்தும் தம் வருமானத்தில் ஒரு பங்கை அரசாங்கத்திற்குச் செலுத்தவேண்டும். அதில் ஒரு பகுதி கிராமச் சேவைக்கு ஒதுக்கப்படவேண்டும் என்பதே அவ்வழி. இதன்படி ஏற்பட்ட பொதுச் சேவைக் கடமை நிதி 2002 ஏப்ரல் முதல் செயற்பட்டது. 2003-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதற்குச் சட்ட ஆதாரம் அளித்தது. இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பெயர் 'டிஜிட்டல் பாரத் நிதி'. நிறுவனத்தின் கணக்கிடத்தக்க வருமானத்தில் நூற்றுக்கு 8 பங்கு உரிமக் கட்டணம்; அதில் 5 பங்கு இந்நிதிக்குரியது.

இதிலிருந்து நாம் உணரவேண்டியது ஒன்றுண்டு. நமது ஊரில் ஒரு கூலித் தொழிலாளி ரீசார்ஜ் செய்யும்போதும் அத்தொகையில் ஒரு சிறு பங்கு இந்நிதிக்குச் செல்கிறது. ஆகவே கிராமத்திற்குத் தொலைத்தொடர்பு கேட்பது தானம் கேட்பதாகாது. நாமும் பங்களித்த நிதியின் பயனைக் கேட்பதேயாகும்.

நஷ்டம் வரும் இடத்தில் சேவை செய்ய எவ்வளவு உதவித்தொகை வேண்டும் என்று நிறுவனங்களிடம் கேட்டு, குறைவாகக் கேட்பவருக்குப் பணியை ஒப்படைப்பது இந்நிதியில் கையாளப்பட்ட முறை. சாதாரண ஏலத்தில் அதிகம் கேட்பவர் வெல்வார். இதிலோ குறைவாகக் கேட்பவர் வெல்வார். ஊர்ப் பொதுத் தொலைபேசிகளும், பின்னர் பகிர்ந்துகொள்ளும் கோபுரங்கள் 7,000-க்கு மேலும் இந்நிதியால் ஏற்பட்டன. 4ஜி சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதனைக் கொண்டுசெல்ல ரூ.26,316 கோடித் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஏற்றது.

இந்நிதியில் குறையும் இல்லாமலில்லை. வசூலாகும் தொகை முதலில் மத்திய அரசின் தொகுப்பு நிதியில் சேர்கிறது. பின்னர் நாடாளுமன்றம் ஒதுக்கும் அளவே செலவுக்கு வருகிறது. இதனால் ஆண்டுதோறும் வசூலுக்கும் செலவுக்கும் இடையே இடைவெளி இருந்துவந்தது. தேவை எங்கே என்று மேலே உள்ளவர்களுக்குத் தெரியாதிருப்பதும் ஒரு காரணமாகலாம். அதைத் தெரிவிப்பது கிராமத்தாரின் கடமை.

5. ஊராட்சிக்கு வரும் கண்ணாடி இழை

இந்நிதியைக் கொண்டு நடைபெறும் மிகப் பெரிய பணி 'பாரத்நெட்' திட்டமாகும். நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் இத்திட்டம் 2011 அக்டோபரில் ஏற்கப்பட்டது. எதிர்பார்த்த காலத்தில் முடியாமல் பல ஆண்டுகள் நீடித்தது. 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடியில் திருத்திய திட்டம் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணிக்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. வடம் மின்கம்பங்களின் வழியாகவும் தரைக்கு அடியிலும் செல்கிறது; அதன் முனைக் கருவிகள் ஊராட்சிச் சேவை மையம் போன்ற கட்டடங்களில் வைக்கப்படுகின்றன.

வடம் ஊருக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது. முனைக் கருவிக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும். அறையில் மழைநீர் ஒழுகலாகாது. மின்கலத்தை வேறு பணிக்கு எடுத்தலாகாது. கருவி இருக்கும் அறையைப் பூட்டிவிட்டுச் சாவியுடன் வெளியூர் சென்றுவிட்டால், பழுதுபார்க்க வந்தவர் திரும்பிச் செல்வார். இவை சிறு காரியங்களே. ஆயினும், கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் வந்த வடம் உயிரோடிருப்பதும் உயிரற்றுக் கிடப்பதும் இச்சிறு காரியங்களைப் பொறுத்தேயிருக்கிறது.

குழாய் பதிக்கவும் வடிகால் அமைக்கவும் தோண்டும்போது வடம் அறுந்துபோவதுண்டு. இதனைத் தவிர்க்க, தோண்டுவோர் முன்கூட்டியே தெரிவிப்பதற்கென 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசாங்கம் வெளியிட்டது. ஊராட்சி ஒப்பந்ததாரர்கள் வேலை தொடங்குமுன் இதில் பதிவு செய்யவேண்டும் என்பதை ஊராட்சிகள் வற்புறுத்தல் நலம். மேலும், செம்புக் கம்பி என்று எண்ணி இவ்வடத்தை வெட்டுவோரும் உளர். இதனுள்ளே இருப்பது கண்ணாடி. பழைய இரும்புக் கடையில் இதற்கு விலையில்லை. இதை ஊரில் எல்லோரும் அறியும்படி செய்யவேண்டும்.

6. கோபுரமும் ஊராட்சியும்

பொது இடத்தில் வடம் பதிக்கவோ கோபுரம் நிறுவவோ நிறுவனங்கள் அனுமதி கேட்டால், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள வழியுரிமை விதிகளின்படி அவ்விண்ணப்பத்தை முடிவு செய்தல் வேண்டும். விதியில் வரையறுத்த கட்டணத்திற்கு மேல் கேட்பதும், காரணமின்றித் தாமதப்படுத்துவதும் முறையன்று. அதே சமயம், தோண்டிய சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு நிறுவனத்துடையது. அதனை ஊராட்சி விடாது கேட்டுப்பெற வேண்டும்.

வரி பற்றியும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. கோபுரத்தைக் கட்டடமாகக் கருதி வரி விதிக்கலாம் என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஓரிடத்தில் நிறுவிய தொலைத்தொடர்பு வலையம் அவ்விடத்தின் பகுதியாகாது என்றும், அவ்விடத்திற்குரிய சொத்துவரி, தீர்வை முதலியவற்றிற்காக அதனைச் சேர்த்துக் கணக்கிடலாகாது என்றும் கூறுகிறது. ஆகவே பழைய வழக்கப்படி கேட்பு அறிவிப்பு அனுப்புமுன், மேலலுவலகத்தில் தற்போதைய நிலையைக் கேட்டறிதல் நலம். ஊராட்சிக்கு இதனால் வருவாய் இழப்பு உண்டு என்பது மெய்யே. கடைமடை ஊருக்கும் கோபுரம் வரவேண்டுமாயின் அதன் நிலைச்செலவு குறையவேண்டும் என்பதே இவ்விதியின் பின்னுள்ள பொருளாதாரக் கருத்து. அப்பயனாவது நமக்குக் கிட்டுகிறதா என்று ஊராட்சிகள் கண்காணித்தல் வேண்டும்.

கோபுரக் கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் பல ஊர்களில் நிலவுகிறது. சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கையே நம் நாடு 2012 செப்டம்பர் முதல் வரம்பாகக் கொண்டுள்ளது. 'தரங் சஞ்சார்' என்னும் அரசாங்க இணையதளத்தில் நம் ஊர்க் கோபுரத்தின் விவரத்தைக் காணலாம். கட்டணம் செலுத்தி அளந்துகாட்டும்படியும் கோரலாம். அஞ்சி எதிர்ப்பதைவிட அளந்து அறிவது மேலானது.

விவசாயப் பெருமக்களுக்கு ஓர் எச்சரிக்கை. "உங்கள் நிலத்தில் கோபுரம் அமைக்கிறோம், பல லட்சம் முன்பணமும் மாத வாடகையும் தருகிறோம், பதிவுக் கட்டணமாகச் சில ஆயிரம் அனுப்புங்கள்" என்று தொலைபேசியிலும் கடிதத்திலும் கூறி ஏமாற்றுவோர் இருக்கின்றனர். அரசாங்க முத்திரை போன்ற ஒன்றையும் அச்சிட்டு அனுப்புவர். கோபுரம் நிறுவ டிராய் எவருக்கும் தடையின்மைச் சான்று வழங்குவதில்லை. நில உரிமையாளருக்கு நிறுவனந்தான் வாடகை தரவேண்டுமே அல்லாமல், நில உரிமையாளர் எவருக்கும் பணம் செலுத்தவேண்டியதில்லை. பணம் கேட்டால் அது மோசடியென்றே கொள்க. ஏமாந்தவர்கள் வெட்கத்தால் மறைத்துவிடாமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

7. சந்தாதாரரின் உரிமைகள்

பேசுவதற்கு மட்டும் கைபேசி வைத்திருக்கும் முதியோர் பலர், தேவையற்ற தரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி வந்தனர். குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் அளிக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் கட்டளையிட்டது. கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்காமல் இத்திட்டம் உள்ளதா என்று கேட்டு வாங்கவேண்டும். 28 நாள் திட்டம் மட்டுமன்றி 30 நாள் திட்டம் ஒன்றையும் நிறுவனங்கள் வைத்திருத்தல் வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் கட்டளை. 28 நாட்களுக்கு ஒருமுறை கட்டுபவர் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை கட்டுகிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உள்ளது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, தமது எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதற்கான குறியீடு வரும். ஆனால் மாறுமுன், எந்த நிறுவனத்தின் அலை நம் வீட்டிலும் வயலிலும் நன்கு எட்டுகிறது என்று அண்டை அயலாரின் கைபேசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். சேவை எட்டும் பகுதிகளின் வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் விதி உள்ளது. வரைபடத்தில் சேவை இருப்பதாகக் காட்டி, ஊரில் இல்லாதிருந்தால் அதுவே வலுவான புகாராகும்.

புகார் செய்யும் முறை இரு படிகளை உடையது. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் தெரிவித்துப் பதிவு எண்ணைப் பெறவேண்டும். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். டிராய் தனிப்பட்டவர் புகாரை நேரே விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தை நாடும் உரிமையும் சந்தாதாரருக்கு உண்டு என்பதை உச்சநீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்துள்ளது. பதிவு எண் இல்லாத புகார், ரசீது இல்லாத பணம் போன்றது.

தம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உள்ளன என்பதையும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசாங்க இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தாம் வாங்காத எண் அதில் இருந்தால் உடனே தெரிவித்து நீக்கச் செய்யவேண்டும்.

8. கிராம சபையில் ஆராய்க

தனியொருவர் "சிக்னல் இல்லை" என்று சலித்துக்கொள்வதால் எதுவும் நடவாது. எந்தக் குக்கிராமத்தில், எந்த நிறுவனத்தின் சேவை, எந்த நாட்களில் இல்லை. அங்கே எத்தனை குடும்பங்கள் உள்ளன. கோபுரத்திற்கு ஏற்ற பொது நிலம் உண்டா என்ற விவரங்களை எழுதி, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியர் வாயிலாகத் தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்பினால், அது கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க ஆவணமாகும். அதற்குத் துணையாகக் கீழ்க்காணும் வினாக்களைத் தருகிறோம்.

(1) நமது ஊராட்சியில் எந்தெந்தக் குக்கிராமங்களில் வீட்டுக்குள்ளிருந்து பேச இயலவில்லை?

(2) அங்கே நிறுவனங்கள் வெளியிட்டுள்ள வரைபடம் உண்மைக்கு ஒத்திருக்கிறதா?

(3) நமது ஊராட்சியின் கண்ணாடி இழைக் கருவி எங்கே இருக்கிறது? இன்று இயங்குகிறதா? சாவி யாரிடம் உள்ளது?

(4) பள்ளி, துணைச் சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் அவ்விணைப்பைப் பயன்படுத்துவது எவை?

(5) சென்ற ஓராண்டில் தோண்டும் பணியால் வடம் எத்தனை முறை அறுந்தது? அதற்குப் பொறுப்பானவர் யார்?

(6) பேச்சுக்கு மட்டுமான திட்டம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறதா? கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

(7) கோபுர மோசடி அழைப்பு நம் ஊரில் யாருக்கேனும் வந்ததா? புகார் பதிவு செய்யப்பட்டதா?

இவ்வேழு வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட ஒரு தாள் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்குமாயின், அடுத்த திட்டம் வகுக்கப்படும்போது நமது ஊரின் பெயரும் அதில் இடம்பெற வழியுண்டாகும்.